ஆங்கில வகுப்புக்கும் தமிழ் இலக்கணம் வேண்டும்

நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பைப் பற்றி அன்பர்கள் சிலர் என்னிடம் ஒரு குறை சொல்கிறார்கள். "பெயர் என்னவோ ஆங்கில வகுப்பு, உள்ளே எட்டிப் பார்த்தால் தமிழ் வகுப்பாக அல்லவா இருக்கிறது!" என்பது அந்தக் குறை. தம் மனைவியைச் சேர்க்க வந்த ஒருவர், கரும்பலகையில் 'வந்தால், வந்தாலும், வந்ததும்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிப் போய்விட்டார். அடுத்த ஆண்டு வகுப்புகளை எப்படி நடத்துவது என்று செயற்குழு பேச இருக்கும் இவ்வேளையில், இந்தக் குறைக்கு என் பதிலை எழுதிவைப்பது நல்லது என்று தோன்றுகிறது. குறை உண்மைதான். நான் தமிழைக் கொண்டுதான் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். அப்படித்தான் சொல்லித் தர வேண்டும் என்பது என் கட்சி.

நம் வகுப்புக்கு யார் வருகிறார்கள்? தாராவியிலிருந்தும் சயானிலிருந்தும் செம்பூரிலிருந்தும் வருகிற, 25 வயது முதல் 60 வயது வரையிலான நம் குடும்பத்தினர். பெரும்பாலோர் ஊரில் தமிழ் வழியில் படித்தவர்கள். சிலர் இங்கேயே மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்கள். இவர்களுக்கு ஆங்கிலச் சொற்கள் தெரியாது என்று நினைத்தால் அது தவறு. அட்மிஷன், ரிப்போர்ட், டெபாசிட், சொசைட்டி மீட்டிங், மெயின்டனன்ஸ் என்று நூற்றுக்கணக்கான சொற்கள் வாயில் புழங்குகின்றன. 'ஐ ஆம் கோயிங்', 'ஹி இஸ் மை சன்' என்று சின்ன வாக்கியங்களும் வரும். ரேபிடெக்ஸ் புத்தகம் பல வீடுகளில் அலமாரியில் இருக்கிறது. ஆனால் ஒரு செய்தியை இன்னொரு செய்தியோடு கோத்துச் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நாக்கு நின்றுவிடுகிறது. எப்போது, ஏன், எந்த நிபந்தனையில், எது நடந்தும் எது நடக்கவில்லை என்பவைதான் அந்த இடங்கள். வாழ்க்கையில் முக்கியமான பேச்செல்லாம் அங்கேதானே இருக்கிறது?

ஒரு மழைக்காலத்தில் நம் வகுப்பிலுள்ள ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து ஒரு மருத்துவமனைச் சீட்டை எடுத்து நீட்டினார். அவர் கணவருக்குக் காசநோய்; 6 மாதச் சிகிச்சை. இரண்டு மாதம் முடிந்திருந்தது. சீட்டில், 'கன்டின்யூ தி டேப்லெட்ஸ் ஃபார் சிக்ஸ் மன்த்ஸ், ஈவன் இஃப் யூ ஃபீல் பெட்டர்' என்று அச்சிட்டிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் தெரியும். 'ஈவன்' மட்டும் ஏதோ அலங்காரச் சொல் என்று விட்டுவிட்டார். "உடம்பு தேவலையானால் தொடரணும்னு போட்டிருக்கு ஸார். இவருக்கு ஒரே குமட்டல், தேவலையாகலையே. அப்போ ரெண்டு வாரம் நிறுத்திப் பார்க்கலாமா?" என்று கேட்டார்.

காசநோய் மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறக்கூடும் என்பது பலருக்கும் தெரிந்த செய்திதான். குமட்டலை டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தவே கூடாது என்று முதலில் சொன்னேன். பிறகு கரும்பலகையில் இரண்டு சொல் எழுதினேன்: 'தேவலையானால்', 'தேவலையானாலும்'. முதலாவது 'இஃப்', இரண்டாவது 'ஈவன் இஃப்'. அந்த அம்மாள் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "ஓ, அந்த 'ஈவன்' நம்ம 'உம்'மா?" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் நான் விளக்க ஒன்றுமில்லை. ஆங்கிலத்திலேயே அதை விளக்க முயன்றிருந்தால் எத்தனை ஞாயிற்றுக்கிழமை ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கோவை வேலையை ஆங்கில இலக்கணத்தில் அட்வர்ப் கிளாஸ் என்பார்கள். நம் தலைமுறை பள்ளியில் புரட்டிய ரென் அண்ட் மார்ட்டின் புத்தகம் அதைக் காலம், இடம், காரணம், நோக்கம், நிபந்தனை என்று எட்டு வகையாகப் பிரித்து வைத்திருக்கிறது. பட்டியல் பெரிதாகத் தோன்றினாலும், நம்மிடம் இல்லாத சரக்கு அதில் எதுவும் இல்லை. தொல்காப்பியம் வினையெச்சத்துக்கு 9 வாய்பாடுகளை எண்ணிச் சொல்கிறது. நன்னூல் 12 சொல்கிறது. செய்து, செய்தால், செய்ய என்று வினைச்சொல்லின் வாலை மாற்றியே நாம் காலத்தையும் காரணத்தையும் நிபந்தனையையும் காட்டிவிடுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட இதில் பிழை செய்வதில்லை. (வகுப்பில் நான் நன்னூல் நடத்துவதாக யாரும் பயப்பட வேண்டாம். வினையெச்சம் என்ற பெயரைக்கூட மூன்றாவது வாரத்தில்தான் சொல்வேன்.)

அப்படியானால் சிக்கல் எங்கே? அமைப்பு தலைகீழாக இருக்கிறது, அங்கேதான். 'மழை பெய்ததால் ரயில் தாமதமாக வந்தது' என்கிறோம். இதில் முற்று வினை ஒன்றே ஒன்று, 'வந்தது'. 'பெய்ததால்' என்பதில் இணைப்பு பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'பிகாஸ் இட் ரெய்ன்ட், தி டிரெய்ன் கேம் லேட்' என்று இணைப்பு முன்னால் வந்து நிற்கிறது. இரண்டு பக்கமும் எழுவாய் வேண்டும், இரண்டு பக்கமும் முழு வினை வேண்டும். ரயில்வே அலுவலகத்தில் காலம் கழித்த எனக்குத் தோன்றும் உவமை இதுதான்: நம் பெட்டிக்குக் கொக்கி பின்புறம், அவர்கள் பெட்டிக்குக் கொக்கி முன்புறம். இதைச் சொல்லாமல் விட்டால் நம்மவர் 'ரெய்ன் ஃபாலிங் பிகாஸ், டிரெய்ன் லேட் கமிங்' என்றுதான் சொல்வார். கேட்பவர் சிரிக்கிறார். ஆனால் அந்த வாக்கியம் அறியாமையால் வந்ததல்ல. தமிழ் வாக்கியத்தின் ஒழுங்கு அப்படியே அதில் இருக்கிறது.

நம் வகுப்புப் பெண்மணிகள் காலையில் செய்த வேலையைச் சொல்லச் சொல்லுங்கள். 'நாலரைக்கு எழுந்து, தண்ணி பிடிச்சு, சமைச்சு, டப்பா கட்டி, பிள்ளைங்களை அனுப்பிட்டு வந்தேன்' என்று ஒரே மூச்சில் நான்கைந்து வேலையை ஒரு முற்று வினையில் கட்டிவிடுவார்கள். ஆங்கிலம் இந்த நீளச் சரத்தைத் தாங்காது. அங்கங்கே அறுத்து, 'ஆஃப்டர் ஐ ஃபில்ட் தி வாட்டர், ஐ குக்ட்' என்று ஒவ்வொரு துண்டிலும் 'ஐ' போட வேண்டும். "எத்தனை தடவை ஸார் 'நான் நான்'னு சொல்றது, திமிராத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி! 'வந்ததும் சொல்' என்றால் வருவது யார் என்று நமக்குத் தெரியும்; ஆங்கிலத்துக்குச் சொல்லியாக வேண்டும். 'வென் ஹி கம்ஸ், டெல் மீ' என்பதில் அந்த 'ஹி' போனால் வாக்கியமே சரிந்துவிடும்.

காலம் காட்டுவதிலும் ஒரு பள்ளம் உண்டு. 'நான் போய்ச் சேரும்போது போன் பண்ணுவேன்' என்பதை 'வென் ஐ வில் ரீச், ஐ வில் ஃபோன்' என்று சொல்லாத நம்மவர் குறைவு. படித்துப் பெரிய வேலையில் இருப்பவர்களும் சொல்கிறார்கள். 'வென்', 'இஃப்', 'பிஃபோர்', 'அன்டில்' என்று தொடங்கி வரப்போவதைச் சொல்லும் துண்டில் 'வில்' போடுவதில்லை என்று ஒரே ஒரு வரியை அழுத்திச் சொன்னால் பாதிப் பிழை போய்விடும். நம் 'வந்தால்' என்ற சொல்லில் எதிர்காலம் காட்டும் எழுத்து எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்டால், வகுப்பே சிரித்துவிட்டு ஒப்புக்கொள்ளும்.

இந்தி விஷயத்துக்கு வருகிறேன். "தெருவில் பேசிப் பேசியே இந்தி வந்துவிட்டதே, ஆங்கிலம் மட்டும் ஏன் வராது?" என்று கேட்கிறார்கள். இந்தி வந்ததற்குக் காரணம், அதன் வாக்கியம் பெரும்பாலும் நம் வாக்கியத்தைப் போலவே நடப்பதுதான். 'காகே ஆவோ' என்பது 'சாப்பிட்டுவிட்டு வா'. மராத்தியில் 'ஜேவூன் யா' என்றாலும் அதே கட்டு. சொல்லை மாற்றினால் போதும், இடத்தை மாற்ற வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் இடத்தையே மாற்ற வேண்டும். அது தெருவில் தானாக வராது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். பம்பாய் வாழ்க்கையில் நம்மவர் ஆங்கிலத்துக்கு இந்தி வழியாகப் போய்ச் சில பிழைகளை இரவல் வாங்கி வருகிறார்கள். 'அன்டில் ஹி டஸ் நாட் கம், ஐ வில் வெயிட்' என்பது இந்தியின் 'ஜப் தக் நஹீ'யிலிருந்து வந்தது. தமிழில் 'அவர் வரும்வரை காத்திருப்பேன்' என்கிறோம். அதில் 'இல்லை' எங்கே இருக்கிறது? 'ஆல்தோ' போட்டபின் 'பட்'டும் போடுவது அப்படித்தான். 'மழை பெய்தாலும் ஆனால் போனேன்' என்று தமிழில் யாராவது சொல்வோமா? இந்த இரண்டு இடத்திலும் தமிழை நேரே நம்பிப் போயிருந்தால் ஆங்கிலம் சரியாக வந்திருக்கும்.

வகுப்பில் ஆங்கிலத்தைத் தவிர வேறு பேச்சே கூடாது என்று சொல்பவர்கள் 2012இல் வந்த 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' படத்தை எனக்கு நினைவூட்டுகிறார்கள். ஸ்ரீதேவி நியூயார்க்கில் நான்கே வாரத்தில் கற்றுக்கொள்ளவில்லையா என்று. நல்ல படம், நானும் ரசித்துப் பார்த்தேன். ஆனால் அந்த வகுப்பில் ஒரு பாகிஸ்தானியர், ஒரு மெக்ஸிகோக்காரர், ஒரு பிரெஞ்சுக்காரர், நம் தமிழர் ஒருவர் என்று ஆளுக்கொரு மொழி. ஆசிரியர் ஆங்கிலத்தை விட்டால் வேறு என்ன பேசுவார்? நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் தாய்மொழி ஒன்று. கையில் இருக்கும் அந்தச் செல்வத்தைக் கதவுக்கு வெளியே வைத்துவிட்டு வரச்சொல்வது என்ன கெட்டிக்காரத்தனம்?

குழந்தைகள் இலக்கணமில்லாமல் கற்கிறார்களே என்பது அடுத்த வாதம். குழந்தைக்கு ஆண்டுக்கணக்கில், விழித்திருக்கும் நேரமெல்லாம் காதில் விழுகிறது. நமக்குக் கிடைப்பது வாரம் இரண்டு மணி நேரம். அதிலும் பாதிப் பேர் குக்கரை இறக்கிவிட்டு அவசரமாக ஓடிவந்தவர்கள். கைபேசியே மொழிபெயர்த்துவிடுகிறதே என்பார் இன்னொருவர். சீட்டைப் படிக்க அது உதவும், மறுக்கவில்லை. சொசைட்டி மீட்டிங்கில் 'வாடகை உயர்த்தினால்கூட நாங்கள் காலி செய்ய மாட்டோம்' என்று எழுந்து சொல்ல வேண்டிய அந்த நிமிடத்தில் யார் கைபேசியைத் தட்டிக்கொண்டிருக்க முடியும்?

வெள்ளைக்காரர்கள் தமிழ் கற்றபோது என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். வீரமாமுனிவர் பேச்சுத் தமிழின் இலக்கணத்தைப் புதிதாக வரும் பாதிரிமார்களுக்காக லத்தீனில் எழுதிவைத்தார். ஜி.யு. போப் தமிழ் கற்கும் தம் நாட்டவருக்குக் கைப்புத்தகத்தை ஆங்கிலத்தில் எழுதினார். தமிழைத் தமிழிலேயே கற்றுக்கொள் என்று அவர்கள் தங்கள் ஆட்களை விடவில்லை. தெரிந்த மொழியில் விளக்கினார்கள். அவர்களுக்கு வழக்கமாக இருந்தது நமக்கு மட்டும் எப்படிக் குறைவாகும்?

ஆகவே செயற்குழுவுக்கு என் வேண்டுகோள் இது. ஆங்கில வகுப்புக்கு ஆசிரியர் தேடும்போது, கான்வென்ட் உச்சரிப்பு உள்ள இளைஞர்களை மட்டுமே தேட வேண்டாம். அவர்கள் வரட்டும், பேச்சுப் பயிற்சிக்கு அவசியம் வேண்டும். அவர்களோடு, மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் பணியாற்றி ஓய்வுபெற்று நம் நடுவிலேயே இருக்கும் ஆசிரியர்களையும் அழைக்க வேண்டும். 'எங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவாக வராது' என்று அவர்கள் கூச்சப்படுவார்கள். 'வந்தாலும்' என்பதற்கும் 'வந்ததால்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரும்பலகையில் பிரித்துக்காட்ட அவர்களைவிட யாரால் முடியும்?

பாடத்தையும் எட்டு வகை வரிசையில் போக வேண்டாம். முதல் மாதம் வென், பிகாஸ், இஃப், ஈவன் இஃப் நான்கும் போதும். மருத்துவமனைச் சீட்டு, பள்ளிக்கூட நோட்டீஸ், வங்கிப் படிவம் இவற்றில் வரும் வாக்கியங்களே பாடம். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரட்டும். பிஃபோர், ஆஃப்டர், அன்டில் இரண்டாம் மாதம். 'அன்லெஸ்' கடைசியில், அது கொஞ்சம் வழுக்கும். 'வந்தாலொழிய' என்று நாமே இப்போது அதிகம் பேசுவதில்லையே. ஞாயிறு மாலை 4 முதல் 6 வரை மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது. ஒரு கரும்பலகை போதவில்லை. தமிழ் வாக்கியத்துக்கு ஒன்று, ஆங்கில வாக்கியத்துக்குப் பக்கத்திலேயே ஒன்று என்று இரண்டு வேண்டும்.