தூசிக்கு இடமில்லாத மாதிரிகள்

இதயச் செயலிழப்பு நோயாளர் எத்தனை காலம் உயிர்வாழ்வர் என்பதைக் கணிக்கும் ஆய்வேடுகள் பெருகிவருகின்றன. அவற்றுள் பல ஒரே தரவுத்தொகுப்பின்மீது எழுந்தவை. 2015இல் பாகிஸ்தானின் பைசலாபாத்தில் சிகிச்சை பெற்ற 299 பேர், 96 மரணங்கள், மிக நீண்ட கண்காணிப்பே 285 நாள். அதைத் திரட்டியோர்மீது குற்றமில்லை. தம்மிடம் வந்த நோயாளரை ஆராய்ந்தார்கள், காக்ஸ் மாதிரியை அதற்குரிய வகையில் கையாண்டார்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காகவே அதை எடுத்து, எந்த ஊர் இதயத்துக்கும் பொருந்தும் என எழுதுவோரே பொறுப்பாளிகள்.

முதற்பிழை கணக்கிலேயே உள்ளது. கண்காணிப்பு முடிகையில் உயிருடனிருந்த 203 பேரும் ‘பிழைத்தவர்’ அல்லர்; முடிவு இன்னும் அறியப்படாதவர். 1958இல் கப்லானும் மயரும், 1972இல் காக்சும் தந்த முறைகள் அந்த அறியாமைக்குக் கணக்கில் இடம் தருகின்றன. இவ்வாய்வேடுகளோ இறந்தார், பிழைத்தார் என இரண்டே கூறாக்குகின்றன. போதாதென்று, கண்காணிப்பு நாள்களையும் கணிப்பு மாறியாகச் சேர்க்கின்றன. இறந்தவரின் கண்காணிப்பு இறப்போடு நிற்பது. விடையை வினாவுக்குள் வைத்துவிட்டுத் துல்லியம் உயர்ந்தது என்று மகிழ்வது ஆய்வாகாது.

இரண்டாம் பிழை இதனினும் பெரிது. பொருந்தாத ஊருக்கு எடுத்துக்காட்டாகக் கோலார் தங்கவயலின் மைசூர் மைன்ஸ் போதும். வடார்க்காட்டிலிருந்து சென்ற தமிழர், பெரும்பாலும் தலித்துகள், தங்கவயலின் பாறையைத் தலைமுறைகளாகத் துளைத்தனர். 1940களில் அங்கே பரிசோதிக்கப்பட்ட தொழிலாளருள் 43.7 விழுக்காட்டினருக்குச் சிலிகோசிஸ் இருந்தது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டன, நோய் மூடப்படவில்லை. தூசியை விட்டு விலகிய பின்னும் சிலிகோசிஸ் முற்றக்கூடியது. தழும்பேறிய நுரையீரலின் நாளங்களில் அழுத்தம் கூட, அதை எதிர்த்துக் குருதியைத் தள்ளும் வலக்கீழறை மெல்லத் தளர்கிறது.

பைசலாபாத் தொகுப்போ இடக்கீழறை தளர்ந்தோரை மட்டுமே கொண்டது. சீரம் கிரியாட்டினினும், இடக்கீழறை ஒரு துடிப்பில் வெளியேற்றும் குருதியின் விகிதமும் போதும் என்ற புகழ்பெற்ற முடிவு அதிலிருந்தே பிறந்தது. வலப்பக்கம் தளர்ந்த சுரங்கத் தொழிலாளிக்கு அந்த விகிதம் இயல்பாகவே இருக்கக்கூடும். மாதிரி அவரை ஆபத்தற்றவர் என்று எண்ணும். புகைபிடித்தாரா என்று கேட்கும் நெடுவரிசை அத்தொகுப்பில் உண்டு. எங்கே வேலை செய்தார் என்று கேட்பது இல்லை. நோயின் பொறுப்பு தனிமனிதப் பழக்கத்தோடு நின்றுவிட, முதலாளிக்கும் அரசுக்கும் உரிய பங்கு கணக்கில் ஏறாமலே போகிறது. இல்லாத நெடுவரிசைக்கு இடர் விகிதம் காண எந்தக் கணினியாலும் முடியாது.

‘தரவு இல்லையே’ என்பது வழக்கமான மறுமொழி. திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு 2013இல் 1,205 பேரைச் சேர்த்து ஐந்தாண்டு பின்தொடர்ந்தது. அவர்களுள் 59 விழுக்காட்டினர் அதற்குள் இறந்தனர் என்று கண்டது. ஆக, இந்நாட்டில் அது இயலாத செயலன்று. தங்கவயலுக்கு வேண்டியவையும் எளியவையே: நிலத்தடியில் உழைத்த ஆண்டுகள், செய்த வேலை, வலக்கீழறையின் அளவீடு, காசநோய் வரலாறு, கண்காணிப்பிலிருந்து விலகியவர் ஏன் விலகினார் என்ற குறிப்பு. மருத்துவமனை வாசலையே எட்டாமல் இறந்தவர் எந்தத் தொகுப்பிலும் இல்லை என்பதையும் ஆய்வேடு ஒப்புக்கொள்ள வேண்டும்.

வழிகாட்டிகளும் தேர்வாளர்களும் வாய்மொழித் தேர்வில் துல்லிய விழுக்காட்டைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்கட்டும்: இம்மாதிரி யாரைப் பார்க்கவில்லை?