கத்திக்கொண்டே இருக்கும் காவல்காரன்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டு வாசலில் கேமரா வைத்திருப்பவர்களும், ஊரில் இருக்கும் அப்பா அம்மாவுக்காக மாட்டிக் கொடுத்தவர்களும் பொறுமையாகக் கடைசி வரை படித்துவிடுங்கள். என் மனதை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயம் இது.

போன வருடம் கோடை விடுமுறைக்கு வந்த மகன், வாசல் தூணில் ஒரு வைஃபை கேமராவை மாட்டிவிட்டுப் போனான். வயதான இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு. அவன் கவலை நியாயமானதுதான். என் போனில் செயலியை ஏற்றிக் கொடுத்து, "வாசல்ல சத்தம் கேட்டாலும் சரி, ஏதாவது அசைஞ்சாலும் சரி, போன் உடனே சொல்லிடும்மா" என்றான்.

சொன்னது. சொல்லிக்கொண்டே இருந்தது.

விடியற்காலை கோயில் ஒலிபெருக்கிக்கு ஒரு 'டிங்'. பால்காரர் வண்டிக்கு ஒன்று. கீரைக்காரம்மா குரலுக்கு ஒன்று. பழைய இரும்பு, பேப்பர் வாங்குபவர் ஓடவிடும் ரெக்கார்டுக்கு இரண்டு. மினி பஸ் ஹாரன், தெருநாய்கள், பக்கத்து வீட்டு மிக்ஸி, எங்கள் வீட்டுத் தண்ணீர் மோட்டார் என்று எதையும் விடவில்லை. மழை வந்தால் கேட்கவே வேண்டாம். போர்டிகோ தகரத்தில் தூறல் விழுந்தாலே போன் அலற ஆரம்பித்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே வாசகம்: "சத்தம் கண்டறியப்பட்டது."

முதல் வாரம் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தேன். அடுத்த வாரம் பாதியைப் பார்த்தேன். இரண்டு மாதத்தில் பார்ப்பதையே விட்டேன். இரவில் தூக்கம் கெடுகிறது என்று, படுக்கப் போகும்போது போனையே சைலண்ட்டில் போட ஆரம்பித்தேன்.

ஐப்பசியில் ஒரு நாள் இரவு நல்ல மழை. எதிர் வீட்டு அக்காவுக்கு எழுபது வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். இரவு இரண்டரை மணிக்குத் தலை சுற்றல், வாந்தி. எனக்கு இரண்டு முறை போன் செய்திருக்கிறார். போன் சைலண்ட்டில். சுவரைப் பிடித்துக்கொண்டு, தெருவைக் கடந்து எங்கள் வீட்டு கேட்டுக்கு வந்திருக்கிறார். கேட் உள்ளே பூட்டியிருந்தது. காலிங் பெல் கதவுக்குப் பக்கத்தில், கேட்டுக்கு உள்ளே. கேட்டைத் தட்டிக் கூப்பிட்டவர், சரிவில் கால் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிந்தது. எழுந்திருக்க முடியவில்லை. காலை ஐந்து மணிக்குச் சற்று முன் பால்காரர் வந்து பார்க்கும் வரை, இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த மழையில் கிடந்திருக்கிறார்.

நாங்கள் பின்கட்டு அறையில், ஜன்னலைச் சாத்திக்கொண்டு, ஃபேன் சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்தோம்.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்த பிறகுதான் செயலியைத் திறந்து பார்த்தேன். அன்றைய இரவு மட்டும் 87 எச்சரிக்கைகள். 2.41 மணிக்கு வந்ததைத் திறந்தேன். மழைச் சத்தத்துக்கு நடுவே "டீச்சரம்மா... டீச்சரம்மா..." என்று மூன்று முறை கேட்டது. அதற்கும் மேலே அதே வாசகம்தான்: "சத்தம் கண்டறியப்பட்டது."

கேமரா தன் வேலையைச் செய்திருக்கிறது. நான்தான் அதற்கு முன்பே காதை மூடிக்கொண்டுவிட்டேன். அதைவிட மோசம், கேமராவுக்காக மூடிய காது அக்காவின் போன் அழைப்புக்கும் மூடிவிட்டது. ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதை ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருக்கும் நம் பள்ளி மாணவி ஒருத்தியிடம் சொன்னேன். "டீச்சர், இதுக்கு எங்க வேலையில பேரே இருக்கு, அலாரம் ஃபட்டீக்" என்றாள். படுக்கைக்குப் படுக்கை கருவிகள் ஓயாமல் பீப் அடித்தால், காது அதைக் கேட்டும் மனம் கேட்காது போய்விடுமாம். அவள் சொன்ன பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் ஜாயின்ட் கமிஷன் என்ற அமைப்பு 2013-ல் இதைப் பற்றியே தனியாக ஓர் எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை, அலாரம் தொடர்பாகத் தங்களிடம் பதிவான 98 சம்பவங்களில் 80 நோயாளிகள் இறந்திருக்கிறார்கள் என்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸுகளுக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எப்படி இருக்கும்?

வகுப்பறையில் நான் பார்க்காததா இது? நாள் முழுக்க மேஜையைத் தட்டி "சைலன்ஸ்" என்று கத்தும் ஆசிரியரை மூன்றாவது வாரம் ஒரு பிள்ளையும் மதிக்காது. எப்போதாவது குரலை உயர்த்துபவர் பெயர் சொல்லி அழைத்தால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும்.

மகனிடம் சொன்னபோது, "சத்தத்துக்கு சென்சிட்டிவிட்டியைக் குறைச்சா போதும்மா" என்றான். குறைத்தும் பார்த்தோம். அது தீர்வு இல்லை என்பதற்குக் காரணம் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பாடம் போலத்தான்.

சாதாரண கேமராவில் உள்ள மைக் சத்தத்தின் அளவைத்தான் பார்க்கிறது. குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் மணி அடிக்கும். என்ன சத்தம் என்று அதற்குத் தெரியாது. தலைமையாசிரியர் அறையில் இருந்து கேட்டால், பிள்ளைகள் வாய்ப்பாடு ஒப்பிப்பதும் சண்டை போடுவதும் ஒரே இரைச்சலாகத்தானே இருக்கும்? அப்படித்தான். அதோடு, தூரம் இரண்டு மடங்கானால் திறந்த வெளியில் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். தகரத்தில் விழும் மழை மைக்குக்கு ஓரடி மேலே. கேட்டில் நின்று கூப்பிடும் மனிதர் பதினைந்து அடி தள்ளி. சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால் முதலில் வெளியே போவது அந்த மெல்லிய மனிதக் குரல்தான். மழையும் ஹாரனும் நாய்க் குரைப்பும் அப்படியே தங்கிவிடும். திருடன் எப்படியும் சத்தம் போட்டுக்கொண்டு வரப் போவதில்லை.

சில புதிய கேமராக்கள் குழந்தை அழுகை, கண்ணாடி உடையும் சத்தம் என்று ஒலியைப் பிரித்துப் பார்க்க முயல்கின்றன. பூட்டிய வீட்டுக்குள்ளே அது பயன்படலாம். நம் தெருவாசலுக்கு அல்ல. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலுக்குள் இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. நம் தெருக்கள் அந்த விதியை எவ்வளவு மதிக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டுக்கு வெளியே இருக்கும் கேமராவில் சத்தத்துக்கான எச்சரிக்கையை முழுவதுமாக நிறுத்திவிடுங்கள்.

"அப்படி நிறுத்தியிருந்தால் அந்த அக்காவின் குரல் பதிவாகியே இருக்காதே?" என்று மகன் கேட்டான். நல்ல கேள்வி. பதிவானதால் என்ன பயன் விளைந்தது? அவர் கேட்டருகே நடந்து வந்தவர். ஆள் தெரிந்தால் மட்டும் சொல்லும் வசதி அந்தக் கேமராவிலேயே இருந்தது. அதை மட்டும் வைத்திருந்தால் அன்றைக்கு ஒன்றோ இரண்டோ எச்சரிக்கைதான் வந்திருக்கும். போனை சைலண்ட்டில் போட வேண்டிய அவசியமே வந்திருக்காது.

தீபாவளிக்கு அவன் வந்தபோது இருவரும் உட்கார்ந்து செய்தவை இவை:

1. 'சவுண்ட் டிடெக்ஷன்' என்பதை அணைத்தோம்.

2. அசைவு எச்சரிக்கையை 'மனிதர் மட்டும்' என்று மாற்றினோம். இல்லாவிட்டால் இரவில் கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்தில் மின்னும் மழைத்துளி, பூச்சி, சிலந்தி வலை எல்லாம் திருடன் கணக்கில் சேர்ந்துவிடும். மாதம் ஒருமுறை கண்ணாடியைத் துடைக்கிறோம்.

3. 'ஆக்டிவிட்டி ஜோன்' என்பதில் எங்கள் கேட்டையும் அதை ஒட்டிய சரிவையும் மட்டும் கட்டம் போட்டுக் கொடுத்தோம். தெருவில் போவோர் வருவோர் எங்கள் கணக்கில் இல்லை.

4. மெமரி கார்டில் பதிவு இடைவிடாமல் ஓடும்படி வைத்தோம். எச்சரிக்கை வேறு, பதிவு வேறு. ஆனால் சில கேமராக்கள் எச்சரிக்கை வரும்போது மட்டுமே பதிவு செய்யும்படி அமைந்திருக்கும். அதைச் சரிபார்த்துவிட்டு அணையுங்கள்.

5. தொந்தரவு செய்யும் செயலியை மட்டும் ஊமையாக்க போனில் வழி இருக்கிறது. போனையே ஊமையாக்காதீர்கள். 'தொந்தரவு வேண்டாம்' என்று வைத்தாலும், முக்கியமானவர்களின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி வைக்கலாம். என் பட்டியலில் முதல் பெயர் எதிர் வீட்டு அக்கா.

6. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, காலிங் பெல் பொத்தான் ஒன்றை கேட் தூணின் வெளிப்பக்கம் வைத்தோம். மணி எங்கள் படுக்கையறையில் அடிக்கும். கேமரா விலையோடு பார்த்தால் மிகச் சொற்பச் செலவு. ஆபத்தில் இருப்பவர் நம்மை அழைக்க இதைவிட நேரான வழி இல்லை. இதைத்தான் முதலில் செய்திருக்க வேண்டும்.

இப்போது இரவில் எச்சரிக்கை வராத நாள்தான் அதிகம். வந்தால் எழுந்து பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்றைய பதிவைத் தேடும்போது, மூன்றாவது வீட்டில் கணவனும் மனைவியும் தெருவில் நின்று பேசிக்கொண்ட சண்டை என் போனில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். கூசிப் போனேன். உடனே அழித்தேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது அரசாங்கத்துக்கு மட்டுமான பாடம் என்று நான் நினைக்கவில்லை. தெருவில் பேசுகிறவர்களின் பேச்சைச் சேர்த்து வைக்க நமக்கு என்ன உரிமை? எங்கள் கேமராவில் ஒலிப்பதிவையும் நிறுத்திவிட்டேன். நீங்களும் யோசியுங்கள்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெற்றோருக்குக் கேமரா வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம். ஆனால் மாட்டிவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் கழித்துப் போன் செய்து, "ஒரு நாளைக்கு எத்தனை மணி அடிக்குது, அதுல எத்தனையை நீங்க பார்க்கிறீங்க?" என்று கேளுங்கள். "பார்க்கிறதே இல்லப்பா" என்று பதில் வந்தால், அந்த வீட்டுக்குக் காவல் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் செயலியைத் திறந்து, நேற்று ஒரு நாளில் வந்த எச்சரிக்கைகளை எண்ணிக் கீழே எழுதுங்கள். அதில் நிஜமாகப் பார்க்க வேண்டியிருந்தவை எத்தனை என்பதையும் எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது. திருத்தித் தருவேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்