சேர்ந்து படித்தவர்களே சேர்ந்து சிகிச்சை தருவர்

"நல்ல டொக்டர் ஒருவரைக் காட்டினால் போதும்" என்பது எமது ஊர்களில் வழக்கமான பேச்சு. மடவளையிலும் வத்தேகமையிலும் பன்விலைத் தோட்டங்களிலும் இதையே கேட்கிறோம். ஆனால் இன்று எமது குடும்பங்களை வாட்டும் நோய்கள் ஒரு டொக்டரால் மட்டும் தீர்பவை அல்ல.

சிறுநீரக நோயை எடுத்துக்கொள்வோம். விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டபோது பழைய தெல்தெனிய நகரும் சுற்றியிருந்த வயல்களும் நீரில் மூழ்கின. வெளியேற்றப்பட்டோரில் சிலர் திகன, குண்டசாலைப் பக்கத்து மேட்டு நிலங்களில் குடியேறினர். வேறு சிலர் மகாவலி 'சி' வலயத்துக்குச் சென்றனர். அந்த வலயத்துக் கிராந்துருகோட்டைதான் பின்னர் காரணம் அறியப்படாத சிறுநீரக நோய் மிகுந்த இடங்களில் ஒன்றாகியது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட இந்நோய் நீரிழிவோ இரத்த அழுத்தமோ இல்லாத விவசாயிகளையும் தாக்குகிறது. தொடக்கத்தில் வலியில்லை, அறிகுறியில்லை. காரணம் பற்றி ஆய்வாளரிடையே இன்னும் ஒருமித்த முடிவில்லை.

இந்த நோயாளிக்கு யார் யார் தேவை? நோயின் கட்டத்தைக் கணிக்க வைத்தியரும் ஆய்வுகூடத்தாரும் வேண்டும். வயல் வேலைக்குப் பின் முதுகுவலிக்கு அவர் கடையில் வாங்கி விழுங்கும் சில மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். அதைக் கேட்டறிந்து தடுக்க மருந்தாளர் வேண்டும். உணவையும் நாளாந்தப் பராமரிப்பையும் வீட்டாருக்கு விளக்கத் தாதி வேண்டும். குடிநீரைக் கவனிக்கப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வேண்டும். உழைப்பாளி படுத்துவிட்ட குடும்பத்துக்கு உதவி பெற்றுத்தரச் சமூக சேவை உத்தியோகத்தர் வேண்டும். இவர்கள் ஒருவரோடொருவர் பேசாவிட்டால் நோயாளி ஐந்து மேசைகளில் ஐந்து விதமான பதில்களைப் பெற்று, எதையும் பின்பற்றாமல் வீடு திரும்புவார்.

குற்றம் தனி மனிதருடையதல்ல, பயிற்சியினுடையது. வைத்திய மாணவர் ஓரிடத்தில், தாதி மாணவர் இன்னோரிடத்தில், மருந்தாளர் வேறோரிடத்தில் என்று பல வருடங்கள் தனித்தனியே வளர்க்கப்படுகிறார்கள். மற்றவரின் அறிவு என்னவென்று தெரியாமலேயே ஒருநாள் ஒரே வாட்டில் நிறுத்தப்படுகிறார்கள். அங்கே பதவிப்படியே பேசுகிறது. நோயாளியின் கால் வீங்குவதை முதலில் கண்ட தாதி, கேட்டால்தான் சொல்வார், கேட்பாரில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1988இலும் பின்னர் 2010இலும் இதற்கு வழி காட்டியது. இரண்டோ அதற்கு மேற்பட்டோ தொழில்களின் மாணவர்கள் ஒருவரைப் பற்றி ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரோடு ஒருவர் கற்கவேண்டும் என்பதே அதன் சாரம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் வைத்திய மாணவரும் தாதி மாணவரும் ஏனைய துறையினரும் தொடக்க நிலையிலேயே கிராமத்தில் ஒன்றாகத் தங்கி மக்களின் வாழ்வைப் படிக்கிறார்கள்.

எமது நாட்டுக்கும் இது அந்நியமல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு வைத்திய அதிகாரி, மருத்துவமாது, பரிசோதகர் ஆகியோரை ஒரே அணியாக்கியது. 1930களில் இலட்சம் பிறப்புக்கு 2,000க்கு மேல் தாய்மார் இறந்த நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 50க்கும் கீழே இறங்கியுள்ளது. மலேரியா ஒழிப்பும் இலவசக் கல்வியும் இதற்கு உதவின. ஆயினும் வீடு வீடாகச் சென்ற மருத்துவமாதும் ஆஸ்பத்திரியும் ஒரே சங்கிலியாக இயங்கியதன் பங்கு பெரிது. இன்றும் ஒரு தாய் இறந்தால் கள ஊழியரும் ஆஸ்பத்திரி வைத்தியரும் கூடியிருந்து காரணம் தேடுகிறார்கள். ஒரு மரணத்துக்குப் பின் ஒரே மேசையில் அமர முடியுமானால், மரணத்துக்கு முன் ஏன் முடியாது?

"அணி என்றால் டொக்டரின் அதிகாரம் குறையும்" என்பர் சிலர். பொறுப்பு அவரிடமே இருக்கட்டும். செவிகொடுப்பதால் பொறுப்பு குறைவதில்லை. ஆனால் மாணவப் பருவத்தில் விழும் விரிசல் பின்னர் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை 2024இன் தொடக்கத்தில் கண்டோம். வைத்தியரின் விசேட கொடுப்பனவு 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயரவிருந்தபோது, ஏனைய சுகாதாரத் தொழிற்சங்கங்கள் தமக்கும் நீதி கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கின. கோரிக்கையின் நியாயம் ஒருபுறமிருக்க, நீண்ட வரிசையில் நின்று திரும்பியவர்கள் எம் மக்களே. ஊதியத்தில் நீதியில்லாமல் அணியும் நிலைக்காது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 1962இல் தொடங்கிய மருத்துவ பீடம் உண்டு; பல் மருத்துவ பீடம் உண்டு; தாதியியல், மருந்தகவியல், ஆய்வுகூட விஞ்ஞானம், உடற்பயிற்சி சிகிச்சை, கதிர்ப்படவியல் ஆகியவற்றைக் கற்பிக்கும் இணை சுகாதார விஞ்ஞான பீடமும் உண்டு. இம்மாணவர்களைச் சில வாரங்கள் ஒரே நோயாளியின் கட்டிலைச் சுற்றி நிறுத்தவும், எமது கிராமங்களுக்கு ஒன்றாக அனுப்பவும் புதிய கட்டடம் தேவையில்லை, மனம்தான் தேவை.

அந்த அணியில் மொழியும் இடம்பெற வேண்டும். தமிழ் 1987இல் அரச கரும மொழியானது. ஆயினும் தமிழ் மட்டும் தெரிந்த தாயின் நோய்க்கதையைச் சிற்றூழியர் ஒருவரோ பள்ளிப் பிள்ளையோ மொழிபெயர்க்கும் நிலை இன்னும் மாறவில்லை. பாதிக்கதை கேட்டவர் பாதி வைத்தியமே செய்வார்.

எமது பங்கும் உண்டு. கிளினிக் கொப்பியையும் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும், கடையில் வாங்கியதையும் சேர்த்து, ஒவ்வொரு முறையும் கொண்டுபோவோம். "இதை மற்றவரும் அறிவாரா?" என்று துணிந்து கேட்போம். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் மாணவர்களைத் தம் ஊருக்கு அழைக்கட்டும். நிலம் இழந்தபோது எம்மை யாரும் கேட்கவில்லை. உடல்நலம் பற்றிப் பேசும் மேசையிலாவது எமக்கும் ஒரு நாற்காலி வேண்டும். அதைக் கேட்டு வாங்குவோம்.