மாதம் 1,500 ரூபாய் சொகுசு

"போர் 2009-லேயே முடிந்துவிட்டது, அரசுப் பணத்தில் உட்கார்ந்து சாப்பிடும் இலங்கை அகதிகள் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதானே?" மதுரை ஒத்தக்கடை டீக்கடைகளில் ஓயாத வாதம்.

ஒன்று. 2021-ல் தமிழக அரசு உதவித்தொகையை உயர்த்திய பிறகும் குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு 50. (ரேஷன் அரிசி உண்டு, மறுக்கவில்லை.) ஒரு வாரம் ஓட்டிக் காட்டுங்களேன்! திருவாதவூர் அகதிகள் முகாமிலிருந்து விடிந்ததும் பெயின்ட் வேலைக்குக் கிளம்புகிறவர்கள் யார்? உங்கள் வீட்டுச் சுவருக்கு அடித்ததே அவர்களாக இருக்கலாம்.

இரண்டு. எந்த ஊருக்கு? முகாமில் பிறந்து, இங்கேயே பிள்ளை பெற்றவர்களுக்கு யானைமலைதான் ஊர்.

மூன்று. பிறந்தாலும் குடியுரிமை இல்லை. 1987 ஜூலை 1 முதல் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2019 குடியுரிமைச் சட்டத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாத சிறுபான்மையினருக்கு வழிவிட்டது. இலங்கை ஏன் அந்தப் பட்டியலில் இல்லை? அதை உங்கள் எம்.பி.யிடம் கேளுங்கள்.