சிலை பழசு, பத்திரம் எங்கே?

ஜெர்மனியில் செய்த பழைய மரச் சிலை ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் குழந்தையுடன் நிற்கும் மேரி மாதா. வயது 500. வாங்க வந்தவர் விவரம் தெரிந்தவரானால் மாதாவின் முகத்தை மட்டும் பார்த்து மயங்கமாட்டார். சிலையைத் திருப்பி முதுகைப் பார்ப்பார்!

முதுகு பெரும்பாலும் குடைந்திருக்கும். சுவரை ஒட்டி நிற்கும் சிலைதானே, பின்புறம் யார் கண்ணிலும் படாது. குடைந்துவிட்டால் மரம் உலரும்போது வெடிப்பதும் குறையும். லிண்டன் என்ற மெதுவான மரத்தில் செதுக்கி, சுண்ணப் பொடியும் பசையும் குழைத்துப் பூசி, அதன்மேல் வர்ணமும் தங்கரேக்கும் ஏற்றுவது அந்நாட்டு வழக்கம். பிற்காலத்தில் பலர் "வெறும் மரமே அழகு" என்று வர்ணத்தைச் சுரண்டி எறிந்துவிட்டார்கள். அதனால் பழைய வர்ணம் ஒட்டி நிற்கும் சிலைக்கு இன்று கிராக்கி அதிகம்.

அடுத்த கேள்வி

முதுகைப் பார்த்தாயிற்று. அடுத்து, "இது எந்தக் கோயிலில் இருந்தது? யார் கை மாறி உங்களிடம் வந்தது?" என்று கேட்பார்.

ஜெர்மனியில் இதற்குப் பதில் சொல்ல வழி உண்டு. 1803-ம் ஆண்டை ஒட்டி அங்குள்ள மடங்களின் சொத்துக்களை அரசுகள் எடுத்துக்கொண்டன. மடத்துப் பொருள்கள் பல வெளியே சிதறின. அப்படி வந்த சிலைக்குச் சரியான பத்திரம் இருந்தால் அதைப் பகிரங்கமாகவே ஏலம் போடலாம்.

நம் ஊர்ச் சிலைகளின் கதை வேறு. பத்திரம் இருக்கும், ஆனால் பொய்ப் பத்திரம்!

மாட்டிக்கொண்ட வியாபாரி

2011 அக்டோபரில் அதே ஜெர்மனியின் பிராங்க்பர்ட் விமான நிலையத்தில் சுபாஷ் கபூர் என்பவர் கைதானார். நியூயார்க்கில் கலைப்பொருள் கடை வைத்திருந்தவர். 2012-ல் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டார். 2022-ல் கும்பகோணம் கோர்ட்டு சிலைத் திருட்டு வழக்கு ஒன்றில் அவருக்கு 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

அவர் விற்றவற்றுள் ஒன்று அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜர். ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-ல் அதை 50 லட்சம் அமெரிக்க டாலருக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. கூடவே வந்த பத்திரம், சிலை எப்போதோ இந்தியாவை விட்டு வெளியேறியது என்று சொன்னது.

அந்தப் பொய்யை உடைத்தது எது தெரியுமா? புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் முன்பு கோயிலில் எடுத்து வைத்திருந்த புகைப்படம்! அதில் அதே நடராஜர் அதே கோயிலில் நிற்கிறார். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டில்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார்.

புகைப்படம் இல்லாத கோயில்கள் எத்தனையோ.

தர்மபுரிப் பக்கம்

தர்மபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு மாண்ட வீரர்களுக்கு நட்டவை பல. சில ஊர்களில் வேடியப்பன் என்று பெயரிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்தியவையும் இவற்றில் உண்டு.

இந்தக் கற்களுக்கு ஒரு பாதுகாப்பு இருக்கிறது. பலவற்றில் எழுத்து இருப்பதால் தொல்பொருள் துறையினர் மைப்படி எடுத்தார்கள். தர்மபுரிக் கல்வெட்டுகள் 1975-ல் புத்தகமாகவே வந்துவிட்டன. கல் நகர்ந்தாலும் அது எந்த ஊர்க் கல் என்பதைப் புத்தகம் சொல்லிவிடும்.

மரத்துக்கு அந்த யோகம் இல்லை. பழைய தேரைப் பிரித்துப் புதுத் தேர் செய்யும்போது யாளியும் குதிரை வீரனும் செதுக்கிய பலகைகள் மண்டபத்து மூலையில் குவிகின்றன. பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. வர்ணம் போன வாகனமும் அங்கேதான் கிடக்கும். விறகு விலைக்குக் கேட்டு ஒரு தரகர் வந்தால், "செல்லரித்ததுதானே, போகட்டும்" என்று ஊரார் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பலகை வேறு சீமைக்குப் போனதும் கலைப்பொருள் ஆகிவிடுகிறது!

100 வயது கடந்த சிற்பம் மரமானாலும் சட்டப்படி தொல்பொருள்தான். 1972-ம் ஆண்டுச் சட்டம் 1976-ல் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசோ அதன் அனுமதி பெற்ற நிறுவனமோ தவிர வேறு எவரும் இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை. உள்நாட்டில் வியாபாரம் செய்யவும் லைசென்ஸ் வேண்டும். உழும்போது புதையல் கிடைத்து, மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878-ம் ஆண்டுச் சட்டம்.

சட்டம் இருந்தாலும், காணாமல் போனது நம்முடையதுதான் என்று நிரூபிக்கச் சாட்சி வேண்டுமே? இப்போது வீட்டுக்கு வீடு கைப்பேசி வந்துவிட்டது. தேர்ப் பலகையைச் சுவரில் சாய்த்து, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து, முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம் எடுக்கக் கால் மணி நேரம் ஆகுமா? ஒரு பிரதி கோயில் நிர்வாகத்திடம், ஒரு பிரதி ஊர்ப் பெரியவர்களிடம் இருக்கட்டும். பின்புறத்தை விட்டுவிடக் கூடாது. முன்புறத்துக்குப் புது வர்ணம் அடித்து ஆளையே மாற்றிவிடலாம். முதுகில் உள்ள வெடிப்பும், உளித் தடமும், பூச்சி துளைத்த ஓட்டைகளும் ஒரு பலகையில் இருப்பதுபோல இன்னொன்றில் இருப்பதில்லை.