ஓடி வந்தவனும் கதவைத் திறந்தவர்களும்

தண்டவாளம் கிடையாது, எஞ்சின் கிடையாது, பயணச் சீட்டும் கிடையாது. எனினும் அதற்கு ரயில் பாதை என்றே பெயர். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்தி, புகையிலைத் தோட்டங்களில் அடிமைப்பட்டுக் கிடந்த கறுப்பின மக்கள், இரவோடு இரவாக வடக்கே தப்பிச் செல்ல உதவிய இரகசிய ஏற்பாட்டைத்தான் 'நிலத்தடி ரயில் பாதை' என்று வரலாறு குறிப்பிடுகிறது. ஒளித்து வைத்த வீட்டுக்கு 'நிலையம்' என்றும், வழிகாட்டிக்கு 'நடத்துநர்' என்றும் பெயர். ஹாரியட் டப்மன் என்ற பெண்மணி 1849இல் தாம் தப்பிய பின்னும் ஏறத்தாழ 13 முறை திரும்பிப் போய் 70 பேர் வரை மீட்டு வந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது! பிலடெல்பியா நகரில் வில்லியம் ஸ்டில் என்பவர், தப்பி வந்தவர்களின் பெயரையும் கதையையும் குறித்து வைத்து 1872இல் நூலாக்கினார். குடும்பத்தைத் தேடி வந்த ஒருவரின் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கையில், எதிரே அமர்ந்திருப்பவர் தம் சொந்த அண்ணனே என்று அவர் கண்டுகொண்டதைப் படித்தபோது, நூலகத்தில் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

மாணவத் தோழர்களே, அன்று எனக்கு நினைவுக்கு வந்தது நம் கம்பம் மெட்டு.

நம் பள்ளத்தாக்கின் மேற்கே சுவர் எழுப்பியது போல் நிற்கும் மலைக்கு அப்பால், பீர்மேடு, தேவிகுளம் பகுதிகளில் வெள்ளைக்காரர்கள் தோட்டம் போட்ட காலம் அது. கங்காணி ஊருக்குள் வருவார், முன்பணம் கொடுப்பார், பஞ்சத்தில் வாடியவர்கள் கைநாட்டு வைத்துவிட்டுக் குமுளி வழியாகவும், போடி மெட்டு, கம்பம் மெட்டு வழியாகவும் மலையேறினார்கள். அரிசிக்குப் பிடித்தம், கம்பளிக்குப் பிடித்தம் என்று போக, கணக்கு கங்காணியின் கையில் இருந்தது. கடன் தீர்ந்தால்தானே இறங்குவதற்கு?

இறங்கினால் என்ன ஆகும்? பிரிட்டிஷ் இந்தியாவில் அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவு 1843இலேயே நீக்கப்பட்டது. ஆனால் 1859ஆம் ஆண்டின் 13ஆம் சட்டப்படி, முன்பணம் வாங்கிவிட்டு வேலையை விட்டுப் போனவனை மாஜிஸ்திரேட் மறுபடி வேலைக்குப் போகச் சொல்லலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை சிறை. 1925இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. திருவிதாங்கூரிலும் இவ்வகைச் சட்டம் இருந்தது. அமெரிக்காவிலோ, தப்பி ஓடுபவனுக்கு இடம் கொடுத்தவருக்கு ஆயிரம் டாலர் வரை அபராதமும் ஆறு மாதம் வரை சிறையும் என்று 1850இல் சட்டம் வந்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கண்டித்தார். அவர் சொன்னது சரியே. அங்கே மனிதனே விலைச்சரக்கு. அவன் பெற்ற பிள்ளையும் எஜமானின் சொத்து. இங்கே கடன்தான் சங்கிலி. ஆயினும் ஓடுகிறவன் நெஞ்சு இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் அடித்துக்கொண்டிருக்கும்.

என் அப்பத்தாவின் தாத்தா அப்படி மலையிலிருந்து ஓடி வந்தவர். பகலில் புதரில் படுத்துக்கொண்டு இரவில் நடந்தாராம். அடிவாரத்தில் ஒரு வீட்டு மாட்டுக் கொட்டத்தில் கம்மங்கூழும் வெங்காயமும் மூடி வைத்திருந்தார்களாம். அவருக்கென்று வைத்ததில்லை; யாராவது இறங்கி வருவார்கள் என்று அந்த வீட்டில் நாள்தோறும் வைப்பது வழக்கமாம். அது எந்த ஊர், யார் வீடு என்று கேட்டேன். "யாருக்குடா தெரியும், புண்ணியவதி" என்றார் அப்பத்தா.

இது பழங்கதைதானே என்று சிலர் எண்ணலாம். மதுரை, தேனி மாவட்டச் சிறுவர்களை வட மாநிலங்களின் முறுக்குக் கம்பெனிகளுக்கு முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போய்க் கொத்தடிமையாக வைத்திருந்த செய்திகளையும், அவர்கள் மீட்கப்பட்ட செய்திகளையும் நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். என்னோடு ஒன்பதாம் வகுப்பு வரை படித்த ஒருவனும் அப்படிப் போனான். 2020இல் கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்தது. அவன் அப்பாவுக்கு வேலை இல்லை. புரோக்கர் 20,000 ரூபாய் கொடுத்தார். மகாராஷ்டிரத்தில் ஏதோ ஓர் ஊர். விடியற்காலை நான்கு மணிக்கு மாவு பிசைய எழுந்தால் இரவு எட்டு மணி வரை எண்ணெய்ச் சட்டியின் முன்னால் நிற்க வேண்டும். எட்டு மாதம் நின்றான். பிறகு ஓர் இரவு ஓடினான்.

பக்கத்து வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாகச் சப்பாத்தியைச் சுருட்டிக் கொடுத்து, நெடுஞ்சாலை இருக்கும் திசையைக் கையால் காட்டினாராம். அவருக்குத் தமிழ் தெரியாது. இவனுக்கு மராத்தி தெரியாது. சாலையோரம் நின்ற ஒரு தமிழ்நாட்டு லாரியின் ஓட்டுநர் அவனைத் தார்ப்பாய்க்குக் கீழே படுக்க வைத்துச் சேலம் வரை கொண்டுவந்து, பஸ்ஸுக்குப் பணமும் கொடுத்தார்.

ஊர் அவனை எப்படி வரவேற்றது தெரியுமா? "அட்வான்ஸ் வாங்கிட்டு ஏமாத்திட்டு வந்துட்டான்" என்றது. புரோக்கர் வந்து வாசலில் நின்றார். பெரியவர்கள் கூடிப் பேசி, தவணையில் திருப்பித் தருவதாக அவன் அப்பாவைச் சொல்ல வைத்தார்கள். என் தந்தையாரும் அக்கூட்டத்தில் இருந்தார். "வாங்குனா குடுக்கணும், அதுதான் மரியாதை" என்பது அவர் கட்சி. இன்றைக்கும் அதை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வந்து என்னைப் படிக்க வைக்கும் என் தாயாரும் அப்படியே எண்ணுகிறார். அவர்களுடைய நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பார்த்தேன். எட்டு மாதம் என்பது 240 நாள். 20,000 ரூபாயை வகுத்தால் நாளொன்றுக்கு 83 ரூபாய். பதினாறு மணி நேர வேலைக்கு மணிக்கு ஐந்து ரூபாய் சொச்சம். அதையும் அல்லவா திருப்பிக் கேட்டார்கள்! கடன்பட்டவர் யார், கடன் கொடுத்தவர் யார்?

1976ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் செல்லாது. அதை வசூலிப்பதே குற்றம். கொத்தடிமையாக வேலை வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. கூடியிருந்த ஒருவருக்கும் இது தெரியாது. எனக்கும் அன்று தெரியாது. திண்ணை ஓரம் நின்று வேடிக்கைதான் பார்த்தேன். கல்லூரிக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன். அதற்குள் அவன் அம்மா காதுத் தோட்டை விற்றிருந்தார்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் நாம் மரக்கன்று நடுகிறோம், கோயில் வளாகத்தைச் சுத்தம் செய்கிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே முகாமில் ஒரு மாலை, இந்தச் சட்டத்தையும் 1098 என்ற எண்ணையும், கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழையும் பற்றி ஊர்ச் சாவடியில் பேசினால் என்ன? அடிவாரத்து வீட்டில் கூழ் வைத்த அந்த அம்மாளுக்குச் சட்டம் எதுவும் தெரியாது. தெரிந்த நாம் என்ன வைக்கப் போகிறோம்?

நண்பன் இப்போது சின்னமனூரில் இருசக்கர வாகனப் பட்டறையில் வேலை செய்கிறான். அந்த ஓட்டுநரின் பெயரைக் கேட்டேன். கேட்கத் தோன்றவில்லையாம். நாமக்கல் வண்டி என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். பட்டறைக்கு வரும் நாமக்கல்காரர்கள் யாரிடமும் பஞ்சர் ஒட்ட அவன் காசு வாங்குவதில்லை; முதலாளிக்குத் தெரியாமல் தன் பையிலிருந்து போட்டுவிடுகிறான்.