பழைய ஆலயங்களும் சேமக்காலைகளும் யார் பொறுப்பு?

நவம்பர் பிறந்தால் எமது சேமக்காலைகள் கண் விழிக்கின்றன. நவம்பர் 2 ஆம் திகதி மரித்த விசுவாசிகளின் நினைவு நாள். அதற்கு முந்திய வாரத்தில் புல் செருக்கப்படுகிறது, கல்லறைகளுக்கு வெள்ளை பூசப்படுகிறது, மெழுகுதிரிகளும் பூமாலைகளும் வருகின்றன. அந்த நாள் கழிந்ததும் அடுத்த நவம்பர் வரை அங்கே ஆடும் மாடும்தான். எமது பழைய ஆலயங்களின் கதையும் பெரும்பாலும் இதுவே. திருவிழாவுக்குக் கொடியேறும்போது வர்ணம் பூசுகிறோம். கூரையில் ஓடு விலகி மழைநீர் சுவரில் இறங்குவதை மற்றைய மாதங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பிறகு ஒரு ஜூபிலி ஆண்டு வருகிறது. வெளிநாடுகளில் வாழும் பிள்ளைகள் பணம் அனுப்புகிறார்கள். "பழையது பழுதாகிவிட்டது, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவோம்" என்று கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறுகிறது. முதிரை மரத் தீராந்திகள் விலைபோகின்றன. பழைய கல்வெட்டொன்று படிக்கல்லாகிறது. புதிய கட்டடத்தின் வாசலில் உபகாரிகளின் பெயர்கள் பளபளக்கும் கல்லில் ஏறுகின்றன. முதற் கோவிலைக் கட்டக் கல் சுமந்தவர்களின் பெயர்கள் எங்கும் இல்லை.

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் உள்ள பங்கு மக்களோடு இதைப் பற்றிப் பேச விரும்புகிறோம். எமது கருத்து இதுதான்: பழைய ஆலயத்தையும் சேமக்காலையையும் காப்பது அரசாங்கத் திணைக்களத்தை மட்டும் நம்பி விடக்கூடிய காரியமல்ல, வெளிநாட்டு நிதிக்காகக் காத்திருக்க வேண்டிய காரியமுமல்ல. அது பங்கு மக்களின் வேலை. அதற்குப் பெரும் பணத்தை விடத் தொடர்ந்த கவனமே தேவை.

எம்மிடம் இருப்பது என்ன?

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டினர். பத்து ஆண்டுகளின் பின், 1638 இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். இலங்கையில் ஒல்லாந்தரிடம் வீழ்ந்த முதலாவது போர்த்துக்கேயக் கோட்டை அதுதான். அதன்பின் ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்கம் ஒடுக்கப்பட்டது, ஆயினும் அழியவில்லை. 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இங்கு வந்து பாடசாலை தொடங்கினார். அதுவே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. புனித மிக்கேல் கல்லூரி 1873 இல் தோன்றியது. 1893 இல் திருகோணமலை மறைமாவட்டம் அமைந்தபோது மட்டக்களப்பு அதனுள் இருந்தது. மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானது 2012 இல்தான்.

பெரிய பெயர்கள் இவை. ஆனால் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான இந்த வாவியைச் சுற்றி, எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், எந்தச் சரித்திர நூலிலும் இடம்பெறாத சிற்றாலயங்கள் இருக்கின்றன. மீனவரும் கமக்காரரும் ஓடாவிமாரும் நாட்கூலி வாங்காமல் கட்டியவை அவை. போர்த்துக்கேய மொழியின் கிளையொன்றை வீட்டில் பேசிவந்த பறங்கியர் சமூகம் எமது நகரின் தச்சுப் பட்டறைகளிலும் இரும்புப் பட்டறைகளிலும் கைத்திறன் காட்டிய சமூகம். அவர்களுடைய மொழி வீட்டுக்கு வீடு குறைந்துவருகிறது. சில குடும்பங்களின் பெயர் கல்லறைக் கல்லிலும் பங்குப் பதிவேட்டிலும் மட்டுமே எஞ்சும் நாள் வரலாம்.

சீமெந்து செய்யும் தீங்கு

1978 நவம்பர் 23 ஆம் திகதிச் சூறாவளி எமது கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் வந்தது. இடையிலும் பின்னரும் யுத்தம். இவற்றைத் தாங்கி நின்ற சுவர்களும் உண்டு. அவற்றை இன்று அழிப்பது பெரும்பாலும் எமது நல்லெண்ணமே.

பழைய சுவர் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டப்பட்டது. அந்தச் சாந்து மென்மையானது. ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விடும் இயல்புடையது. வாவிக் கரையில் நிலத்தடி நீர் மேலேயே இருக்கிறது, அதில் உப்பும் இருக்கிறது. அந்த நீர் சுவரில் ஏறிக் காயும்போது உப்பு வெளிப்பூச்சில் தங்குகிறது. சில ஆண்டுகளில் பூச்சு உதிரும், மீண்டும் பூசுவார்கள். பூச்சுத் தான் உதிர்ந்து சுவரைக் காத்தது.

அதன்மேல் நாம் சீமெந்து பூசுகிறோம், அதற்கும் மேல் நீர் புகாத வர்ணம் அடிக்கிறோம், கீழே நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் பதிக்கிறோம். இப்போது ஈரம் வெளியேற வழியில்லை. அது சுவருக்குள்ளேயே மேலே ஏறுகிறது. உப்பு செங்கல்லுக்குள் படிந்து, இறுகி, செங்கல்லை மாவாக்குகிறது. சில ஆண்டுகள் கழித்துச் சீமெந்துப் பூச்சு செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு பாளம் பாளமாக விழுகிறது. அதைக் கண்டு "சுவர் பழுது, இடிக்க வேண்டும்" என்கிறோம். பழுது தொடங்கியது சுவரில் அல்ல, பூச்சில்.

சேமக்காலையிலும் இதே தவறுதான். எழுத்து மங்கிய கல்லை அசிட் ஊற்றிக் கழுவுகிறோம், கம்பித் தூரிகையால் தேய்க்கிறோம். எஞ்சியிருந்த எழுத்தும் போய்விடுகிறது. நல்ல தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அதனாலும் போகாத அழுக்கை விட்டுவிடுவதே மேல்.

கல்லில்லாதவர்களின் பெயர்

ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கையின் கல்லறைக் கல்வெட்டுகளையும் நினைவுச் சின்னங்களையும் தொகுத்து 1913 இல் நூலாக வெளியிட்டார். அரிய உழைப்பு. ஆனால் அதில் பெரும்பாலும் ஐரோப்பியர்களே இடம்பெற்றனர். கல் வைக்க வசதியுள்ளவனுக்குத்தான் கல்வெட்டு உண்டு. எமது முன்னோரில் பலருக்கு மரச்சிலுவையே கிடைத்தது. அதைக் கறையான் தின்றுவிட்டது.

வில்லியம் ஓல்ட் இங்கு வந்து ஓராண்டு நிறையுமுன், 1815 ஏப்ரலில், மட்டக்களப்பிலேயே காலமானார். அவருடைய பெயரை நகரம் நினைவில் வைத்திருக்கிறது. வைத்திருக்கவும் வேண்டும். அவருடைய பாடசாலைக்குப் பிள்ளையை நம்பி அனுப்பிய முதல் தாயின் பெயர் என்ன?

ஆகவே சேமக்காலையைக் காப்பதென்றால் அழகான வெள்ளைக்காரர் கல்லறைகளுக்கு வேலி போடுவது என்று பொருள் கொள்ளலாகாது. எமது சேமக்காலைகளில் இடம் குறைவு. பழைய குழியை மீண்டும் தோண்டி அடக்குவது பல இடங்களில் வழக்கம். உயிரோடிருக்கும் ஏழைக்கும் நாளை ஆறடி நிலம் வேண்டும் என்பதால் இந்த வழக்கத்தை நாம் குறைகூறவில்லை. ஆனால் குழியைத் திறக்குமுன் அங்கே யார் கிடந்தார் என்று எழுதி வைக்க ஒரு பேனாவும் ஒரு கொப்பியும் போதும்.

இந்த மாவட்டத்தில் கல்லறையே இல்லாதவர்கள் எத்தனை பேர்! 1990 ஆகஸ்ட் 15 ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்ட இயேசு சபைத் துறவி யூஜின் ஹேபர்ட் அடிகளார் வந்து சேரவில்லை. அவரோடு வந்த இளைஞரும் வந்து சேரவில்லை. அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் கொல்லப்பட்ட ஆண், பெண், குழந்தைகளுக்குத் தனித்தனிக் கல்லறை இல்லை. கடல்கோளில் மாண்டவர்களில் பலர் அடையாளம் காணப்படாமலே ஒரே குழியில் அடக்கப்பட்டனர். அவர்களுக்கு எஞ்சியிருப்பது பெயர் மட்டுமே.

எமது அயலவரிடமும் கற்கலாம். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். மீரா ஜும்ஆப் பள்ளிவாசலின் சுவரில் குண்டு துளைத்த அடையாளங்களை அம்மக்கள் பூசி மறைக்கவில்லை. எமது நிலை என்ன? புளியந்தீவு புனித மரியாள் ஆலய வளவில் 1988 ஜூன் 6 ஆம் திகதி சந்திரா பெர்னாண்டோ அடிகளார் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே ஆலயத்தில் 2005 ஆம் ஆண்டு நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் ஜோசப் பரராஜசிங்கம் கொல்லப்பட்டார். இவற்றைக் கண்ட சுவர்களும் தரையும் வெறும் கல்லும் சாந்தும் அல்ல, சாட்சிகள். சாட்சியை இடித்தால் வழக்கும் மறைந்துவிடும்.

சட்டமும் அச்சமும்

1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே புராதனச் சின்னங்களாகக் கொள்கிறது. பிற்பட்டவை நூறு ஆண்டு கடந்திருந்தாலும், அவற்றைப் பாதுகாக்க வர்த்தமானியில் தனியாக அறிவிக்க வேண்டும். எமது கிராமத்து ஆலயங்களில் மிகப் பல 19 ஆம், 20 ஆம் நூற்றாண்டுக்குரியவை. அவற்றைக் காக்கச் சட்டம் தானாக வராது.

திணைக்களம் வந்தால் காணி போய்விடும் என்று அஞ்சுவோரும் உண்டு. கிழக்கு மாகாணத் தொல்பொருள் முகாமைத்துவத்துக்கென 2020 ஜூனில் ஜனாதிபதி செயலணி நியமிக்கப்பட்டபோது அதில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. அச்சத்துக்குக் காரணமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் பழையதை ஒளிப்பதும் இடிப்பதும் காணியைக் காக்காது. இந்த இடத்தில் இன்னார் பிறந்தார், மணந்தார், அடக்கப்பட்டார் என்று ஆண்டுவாரியாகக் காட்டும் பதிவேடும் கல்லறைப் பட்டியலும் ஒரு கிராமம் தன் வாழ்வுக்குக் காட்டக்கூடிய வலிமையான சான்றுகள்.

பிறரை நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கு யாழ்ப்பாணக் கோட்டை ஓர் உதாரணம். 1706 இல் கட்டப்பட்ட அங்குள்ள ஒல்லாந்தர் தேவாலயம் 1990 இல் தொடங்கிய போரில் இடிபாடாயிற்று. கோட்டையின் மதில்களைத் திருத்தப் பின்னர் ஒல்லாந்தின் உதவி வந்தது. தேவாலயம் எப்படி இருந்தது என்பதை இன்று பழைய நிழற்படங்களும் வரைபடங்களுமே சொல்கின்றன. எழுதியும் படம் பிடித்தும் வைத்தது எஞ்சியது.

உயிரோடிருப்பவர்களுக்கு முதலில் வேண்டாமா?

"வீடில்லாதவனும் மலசலகூடம் இல்லாதவனும் இருக்க, கல்லறைக்கு ஏன் செலவு?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அபிவிருத்தியைப் பற்றி எழுதும் நாமும் அதையே கேட்கிறோம். ஆனால் செலவு எங்கே கூடுகிறது என்று பாருங்கள். விலகிய ஓட்டை மாற்றச் சில நூறு ரூபா. அதை மாற்றாமல் விட்டு, தீராந்தி உக்கி, சுவர் வெடித்து, கடைசியில் புதிய கொங்கிறீட் கோவில் கட்டக் கோடிக்கணக்கான ரூபா. பழையதைப் பராமரித்து மிச்சம் பிடித்த பணத்தில் எத்தனை மலசலகூடங்கள் கட்டலாம்! மேலும் புதுக் கட்டடத்தின் பணம் கம்பிக்கும் சீமெந்துக்குமாக வெளியே போகிறது. பராமரிப்புப் பணத்தில் பெரும்பங்கு ஊர் மேசனுக்கும் ஓடாவிக்கும் கூலியாகப் போகிறது.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, பட்டியல். ஒவ்வொரு சேமக்காலைக்கும் ஒரு கொப்பி. வரிசை இலக்கம், பெயர், திகதி, கல்லின் மொழி, கல்லின் நிலை. மறைக்கல்வி மாணவர்கள் எழுதட்டும், முதியவர்கள் அருகில் நின்று கல்லில்லாத குழிகளைக் காட்டட்டும். மங்கிய எழுத்தை காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்போது படமெடுத்தால் வாசிக்கலாம். கைத்தொலைபேசிக் கமராவே போதும். பிரதியொன்று பங்கிலும் இன்னொன்று வேறோர் இடத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டாவது, பதிவேடுகள். 1983 ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535 ஆம் சட்டம், பழைய பங்குப் பதிவேடுகளையும் கவனமாகப் பேண வேண்டும் என்கிறது. அவற்றை ஈரச் சுவரிலிருந்து தள்ளி இரும்பு அலுமாரியில் வையுங்கள். பக்கம் பக்கமாகப் படமெடுத்து வையுங்கள். உயிரோடிருப்பவர்களின் விபரங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டாம்.

மூன்றாவது, மாரிக்கு முன் ஒரு நாள் சிரமதானம். ஐப்பசி பிறக்குமுன் ஓடுகளைப் பாருங்கள், பீலிகளையும் வடிகான்களையும் துப்புரவாக்குங்கள், சுவரில் முளைத்த ஆலங்கன்றையும் அரசங்கன்றையும் சிறிதாக இருக்கும்போதே அகற்றுங்கள். வேரோடியிருந்தால் பிடுங்காதீர்கள், சுவர் கூடவே வரும். வெட்டி, காயவிடுங்கள்.

நான்காவது, சுண்ணாம்பு வேலை. அறிந்த முதிய மேசன்மார் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களிடம் இரண்டு இளைஞர்களையாவது பழகவிடுங்கள். ஊறிய நீற்றுச் சுண்ணாம்பு ஒரு பங்கு, உப்பில்லாத மணல் மூன்று பங்கு, பூசிய பின் சில நாள் ஈரம் காயாத கவனம். இவ்வளவுதான் அடிப்படை. ஆனால் பவளப் பாறை எரித்த சுண்ணாம்பு வேண்டாம். ஆலயத்தைக் காக்கக் கடற்கரையை அழிக்கலாகாது.

ஐந்தாவது, இடிக்குமுன் பொறுமை. இடிக்கும் தீர்மானத்துக்கும் முதற் கடப்பாரைக்கும் இடையில் ஓராண்டு விடுங்கள். அதற்குள் பொறியியலாளர் ஒருவரின் எழுத்து அபிப்பிராயம், கட்டடத்தின் அளவு வரைபடம், பெண்களும் இளைஞர்களும் பேசிய ஒரு பங்குக் கூட்டம் ஆகிய மூன்றும் நடக்கட்டும். அதன் பின்னும் இடிக்கத்தான் வேண்டுமென்றால் இடியுங்கள். சனப்பெருக்கத்துக்கு இடம் போதாத ஆலயங்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை. அப்போதும் பழைய கல்வெட்டுகள் படிக்கல்லாகாமல் புதிய சுவரில் இடம்பெற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உதவும் எமது பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பெயரைக் கல்லில் பொறிக்கப் பணம் அனுப்புவதை விட, உங்கள் பாட்டியின் பாட்டி பெயரைத் தேடி எழுதுவோருக்கு உதவுங்கள். ஊருக்கு வரும்போது சேமக்காலையில் அரை நாள் செலவிட்டு, உங்களுக்குத் தெரிந்த குழிகளைக் கொப்பியில் பதியச் சொல்லுங்கள். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களோடு பெயர்களும் போகுமுன், வருகிற நவம்பருக்குள் ஒவ்வொரு பங்கிலும் அந்தக் கொப்பி தொடங்கப்பட வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.